பெட்டிக்குள் ஈரம் எந்த வழியாகப் போகிறது?

காஹாங் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் நிலையம் ஒன்று, மலேசிய நீர்ப்பாசன வடிகால் துறையின் பதிவேட்டில் ‘ஜாலான் குளுவாங் 26-ஆம் கல்’ என்ற அடையாளத்தோடு இருக்கிறது. மெர்சிங் போகும் வழியில் 42-ஆம் கல்லில் லெங்கோர் ஆற்றுக்கு இன்னொன்று. ஜொகூரின் வெள்ளங்களைப் பற்றிய ஆய்வுகளைப் புரட்டினால் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி கண்ணில் படும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளங்களில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா என்ற தகவல் ஒரு மணி நேரம் முன்னால் கிடைத்தால் எத்தனை பேருக்கு உதவும் என்பதை அந்த மழைக்காலம் நன்றாகவே உணர்த்தியது.

ஆற்றோரத்துத் தானியங்கி அளவு நிலையம் என்றால் பெரும்பாலும் ஓர் உணர்கருவி, அளவுகளைச் சேமிக்கும் மின்சுற்று, கைப்பேசி அலைவரிசையில் அவற்றை அனுப்பும் மோடம், ஒரு பேட்டரி, மேலே ஒரு சூரியத் தகடு. இவற்றில் விலை குறைந்தது இவை எல்லாவற்றையும் வைத்திருக்கும் பெட்டிதான். ஆனால் அந்தப் பெட்டி கெட்டால் மற்றவை அனைத்தும் கெடும். அதுவும் அடைமழை நாளில், அளவு மிகவும் தேவைப்படும் நேரத்தில் கெடும்.

ஜொகூரில் உள்ள காஹாங் ஊரில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. செம்பனைத் தோட்டத்து நுழைவாயிலில் கண்காணிப்புக் கேமரா, பாசனப் பம்பை நேரம் பார்த்து இயக்கும் கருவி, தெருவோர இணையப் பெட்டி எல்லாம் அதே வெயிலிலும் மழையிலும்தான் நிற்கின்றன. ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தோட்டத்துச் சாலையில் போனால் கம்போங் பேத்தா வரும். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல் அது. மலாயாப் புலிகளைக் காப்பதற்கு முதன்மையானவை என்று மலேசியா தேர்ந்தெடுத்த மூன்று காட்டுப் பகுதிகளில் எண்டாவ்-ரொம்பினும் ஒன்று. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, நாட்டில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகச் சொன்னது. இத்தகைய கணக்கெடுப்புக்கு அடிப்படை, மரங்களில் கட்டப்படும் தானியங்கிக் கேமராக்கள். அவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான் மாதக்கணக்கில் காட்டின் ஈரத்திலிருந்து காக்க வேண்டும்.

வெளியில் வைத்த பெட்டி கெட்டுப்போனால் எல்லோரும் மழையைத்தான் குற்றம் சொல்வார்கள். மழைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் அது கடைசி ஆள். அதற்குக் கதவைத் திறந்துவிடுவது வெயில்.

வெயில் என்ன செய்கிறது

காஹாங் நிலநடுக்கோட்டுக்கு 2 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகலில் சூரியன் தலைக்கு மேலோ அதற்குச் சற்றுத் தள்ளியோதான் நிற்கும். புற ஊதாக் கதிர் காற்று மண்டலத்தில் கடக்க வேண்டிய தூரம் இங்கே குறைவு.

பிளாஸ்டிக் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகள். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை அறுக்க, ஒரு மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் கொண்டுவருகிறது. அறுக்கப் போதுமானதற்கு மேலேயே இருக்கிறது. அறுந்த முனையைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பிடித்துக்கொள்கிறது, அதிலிருந்து இன்னும் பல முனைகள் அறுகின்றன. இந்தச் சேதம் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழத்துக்குத்தான் நடக்கும். ஆனால் விறைத்துப்போன அந்த மெல்லிய தோலில் விழும் நுண்விரிசல், அடியில் இருக்கும் நல்ல பிளாஸ்டிக்குக்குள்ளும் ஓடிவிடும். திருகைச் சுற்றியும் மூலைகளிலும்தான் அது முதலில் தெரியும்.

வீட்டுக்குள் இருக்கும் மின்கருவிகளுக்குப் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். விலை குறைவு, வார்ப்பது எளிது, அடி தாங்கும். அடி தாங்கும் குணத்தை அதற்குக் கொடுப்பது, உள்ளே கலந்திருக்கும் பியூட்டாடையீன் ரப்பர். அந்த ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெயில் முதலில் கைவைப்பது அவற்றில்தான். வெளியில் வைத்த ஏபிஎஸ் பெட்டி மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்து, ஒரு நாள் விரல் அழுத்தத்துக்கே விரிசல் விடுவதற்குக் காரணம் இதுதான். இதற்கு வேதியியலாளர்கள் கண்ட மாற்று ஏஎஸ்ஏ. ஏபிஎஸ்ஸில் உள்ள மற்ற இரு பொருள்களும் அப்படியே இருக்க, பியூட்டாடையீன் இருந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு இல்லாத அக்ரிலிக் ரப்பரை வைத்தார்கள். மாற்றியது ஒரு பொருளைத்தான், பெட்டிக்குக் கிடைத்ததோ பல ஆண்டு ஆயுள்.

பாலிகார்பனேட் இன்னொரு வழி. 1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்ட பொருள் இது. சுத்தியலால் அடித்தாலும் உடையாது. ஆனால் புற ஊதாத் தடுப்பான் கலக்காத பாலிகார்பனேட்டும் வெயிலில் மஞ்சளாகிவிடும். காரமும் அதற்கு ஆகாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைக்கத் துடைக்க அதன் பலம் குறையும். காட்டுக்குப் போகிறவர்கள் கொசுவுக்குப் பூசிக்கொள்ளும் ‘டீட்’ மருந்தும் பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கக்கூடியது. மருந்து பூசிய ஈரக்கையோடு கேமராப் பெட்டியைப் பிடித்தால் மேற்பரப்பில் பிசுபிசுப்பும் நுண்விரிசலும் வரலாம்.

வெயிலுக்கு எதிராகப் பிளாஸ்டிக்கில் கலப்பவை மூன்று வகை. கதிரை விழுங்கி வெப்பமாக மாற்றுபவை, கதிரை உள்ளே விடாமல் மறைக்கும் நிறமிகள், அறுந்த முனைகளைப் பிடித்துச் சங்கிலி வினையை நிறுத்தும் அமீன் சேர்மங்கள். நிறமிகளில் மலிவும் சிறப்பும் கரிப்பொடிக்கே. தண்ணீருக்கு வரும் கறுப்புப் பாலித்தீன் குழாயில் 2 முதல் 2.5 விழுக்காடு கரிப்பொடி இருப்பதால்தான் அது வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தும் கெடுவதில்லை.

அப்படியானால் பெட்டியையும் கறுப்பாகவே செய்துவிடலாமே? இங்கேதான் சிக்கல். பிளாஸ்டிக்கின் ஆயுளுக்கு நல்லதாக இருக்கும் நிறம் உள்ளேயிருக்கும் மின்சுற்றின் ஆயுளைக் குறைத்துவிடும். மின்தேக்கிகளில் ஒரு முக்கிய வகையின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை கூடும்போதெல்லாம் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் கணக்கு. லித்தியம் பேட்டரியை 45 பாகைக்கு மேல் மின்னேற்றினால் அது வேகமாகக் கிழடுதட்டும். நேர்வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டியின் தோல் 70 பாகையைத் தொடக்கூடியது. மின்பெட்டிகள் பெரும்பாலும் வெளிர் சாம்பல் நிறத்தில் வருவதும், அந்த நிறத்துக்கு ‘ரால் 7035’ என்று ஓர் எண்ணே நிலைத்துவிட்டதும் இதனால்தான். வெள்ளைக்கும் வெளிர் சாம்பலுக்கும் அடிப்படை டைட்டானியம் டையாக்சைடு. அதில் ரூட்டைல் என்ற படிக வகை வெயிலைத் திருப்பி அனுப்பும். அனட்டேஸ் என்ற வகை வெயில் பட்டதும் தன்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையே அரிக்கும். இரண்டும் வெள்ளைதான். எது கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பெட்டி மூச்சுவிடுகிறது

இனி மழைக்கு வருவோம். காஹாங்கில் ஒரு வழக்கமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து வெயில் ஏறுகிறது. நண்பகலுக்குப் பிறகு பெட்டிக்குள் காற்று 60 பாகை வரை சூடாகிறது. சூடான காற்று விரிய இடம் தேடும். மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான்கைந்து மணி நேரத்தில் அந்தக் காற்றில் கொஞ்சம் வயரின் உறை வழியாகவோ மூடியின் விளிம்பு வழியாகவோ வெளியேறிவிடும். மாலை மூன்று நான்கு மணிக்கு மேகம் இருண்டு மழை கொட்டுகிறது. சில நிமிடங்களில் பெட்டி 25 பாகைக்குக் குளிர்ந்துவிடுகிறது.

சூடு ஆறாத சோற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவைத்தால், ஆறிய பிறகு மூடி திறக்க மறுக்குமே, அதே இயற்பியல்தான் இங்கேயும். வாயுவின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். 60 பாகை என்பது 333 கெல்வின், 25 பாகை என்பது 298 கெல்வின். அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. அதாவது 10 கிலோபாஸ்கலுக்கு மேல். 1 மீட்டர் ஆழத் தண்ணீர் தரும் அழுத்தமும் ஏறத்தாழ இவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மூடியில் இதைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 65 கிலோ எடை வந்து உட்காருகிறது. மூடி குழிகிறது, விளிம்பு ஒரு பக்கம் நெளிகிறது. அதே நேரத்தில் அந்த விளிம்பில் மழைநீர் வழிந்துகொண்டிருக்கிறது. பெட்டிக்குள் மழை தானாகப் போவதில்லை, பெட்டிதான் அதை உறிஞ்சிக்கொள்கிறது.

10 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி இப்படி ஒரு தடவையில் ஏறத்தாழ 1 லிட்டர் காற்றை உள்ளிழுக்க முயலும். அதில் நூறில் ஒரு பங்கு நீராக வந்தாலும் 10 மில்லி. மறுநாள் வெயிலில் காற்று வெளியேறும், அடியில் தேங்கிய தண்ணீர் அங்கேயே கிடக்கும். ஒரு மழைக்காலம் போதும், பெட்டிக்குள் குட்டை கட்டிவிடும்.

பெட்டியை மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக்காற்றுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு அதை ஏற்கவில்லை. 10 லிட்டர் ஈரக்காற்றில் இருக்கும் நீராவி முழுவதையும் சேர்த்தாலே கால் கிராமுக்கு மேல் வராது. அதில் இரவுக் குளிரில் நீராகப் படிவது ஒரு சொட்டுக்கும் குறைவு. தினமும் நடக்கும் மூச்சுதான் ஈரத்தைச் சேர்க்கிறது.

ஐபி எண் சொல்வதும் சொல்லாததும்

கடையில் பெட்டி வாங்கும்போது விற்பவர் முதலில் சொல்வது ஐபி எண். ஐஇசி 60529 என்ற உலகத் தரநிலையில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. முதல் இலக்கம் 6 என்றால் தூசி சற்றும் புகாது. ஐபி65 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழல்வாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபி66 நிமிடத்துக்கு 100 லிட்டரைத் தாங்கும். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் கெடாது.

இவை நேர்மையான சோதனைகள்தான். ஆனால் மூழ்கடிக்கும் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீரின் வெப்பநிலைக்கும் பெட்டியின் வெப்பநிலைக்கும் 5 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. எல்லா ஆய்வகங்களிலும் ஒரே முடிவு வர வேண்டும் என்பதற்காக வைத்த நியாயமான விதி அது. ஆனால் காஹாங்கில் மாலைதோறும் நடப்பது 35 பாகை வேறுபாட்டோடு நடக்கும் சோதனை. அதோடு, ஆய்வகத்துக்குப் போவது அன்று வார்த்த புத்தம்புதுப் பெட்டி. மூன்று வருட வெயிலில் விளிம்பு வளைந்து, ரப்பர் வளையம் இறுகிப்போன பெட்டியை அங்கே யாரும் அனுப்புவதில்லை. வெயிலைத் தாங்குமா என்பதற்கு வேறு சான்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யூஎல் தரநிலையில் ‘எஃப்1’ குறி பெற்ற பிளாஸ்டிக், செனான் விளக்கின் கீழ் 1000 மணி நேரம் போன்ற சோதனைகளில் தன் பலத்தில் பெரும்பகுதியை இழக்காமல் இருந்திருக்க வேண்டும். ஐபி எண்ணோடு இந்தக் குறியையும் கேட்டு வாங்குவது நல்லது.

மூச்சுக்கு ஒரு வழி

பெட்டியை இன்னும் இறுக்கி அடைப்பது தீர்வாகாது. இறுக்க இறுக்க உறிஞ்சும் வேகம்தான் கூடும். காற்று போய்வர ஒரு வழி வேண்டும், அந்த வழியில் தண்ணீர் வரக்கூடாது. இதற்கான பொருளை 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டறிந்தார். பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான், தண்டைச் சூடாக்கி அவர் வெடுக்கென்று இழுத்தபோது, அது அறுவதற்குப் பதிலாகப் பல மடங்கு நீண்டு நுண்துளைகள் நிறைந்த படலமாயிற்று. மழைச்சட்டைகளில் கோர்டெக்ஸ் என்று வருவது அதுதான். டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது என்பதால், 1 மைக்ரோமீட்டர் அகலத் துளைக்குள் தண்ணீரைத் தள்ள ஏறத்தாழ 10 மீட்டர் நீர் ஆழத்தின் அழுத்தம் வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. காற்றுக்கும் நீராவிக்கும் அங்கே தடையில்லை. நாணயத்தைவிடச் சிறிய இந்தப் படலம் பொருத்திய திருகு ஒன்றைப் பெட்டியின் அடியிலோ பக்கத்திலோ வைத்தால், உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் எப்போதும் சமமாகவே இருக்கும். விளிம்பில் வழியும் மழையை உறிஞ்ச அப்புறம் காரணம் இருக்காது.

அப்படியானால் ஈரக்காற்று உள்ளே வருமே? வரும். இரவில் இங்கே காற்று பூரித நிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே வேலைசெய்யும் மின்சுற்றின் சூடே அதைப் பார்த்துக்கொள்ளும். 24 பாகையில் ஒரு கனமீட்டர் காற்று 22 கிராம் நீராவியைத் தாங்கும், 28 பாகையில் 27 கிராம். உள்ளே 4 பாகை கூடுதலாக இருந்தாலே நூறு விழுக்காட்டு ஈரப்பதம் எண்பதாக இறங்கிவிடும், பலகையில் நீர் படியாது. மின்சுற்றுப் பலகைக்கு மெல்லிய அக்ரிலிக் அல்லது சிலிகோன் பூச்சும் கொடுத்தால் இன்னும் நிம்மதி. சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நம்ப வேண்டாம். மூச்சுவிடும் பெட்டியில் அது சில வாரங்களில் நிரம்பி வெறும் மணலாகிவிடும்.

மூடி, வயர், திருகு

நல்ல வடிவமைப்பில் ரப்பர் வளையம் கடைசிக் காவல். அதற்கு முன்பே மூடியின் உதடு பெட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கி, வழியும் நீரை வெளியே திருப்பிவிட வேண்டும். திருகுகள் வளையத்துக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும், உள்ளே இருந்தால் ஒவ்வொரு திருகும் ஓர் ஓட்டை. வளையத்துக்கு இபிடிஎம் ரப்பர் நல்லது. வெயிலும் ஓசோனும் அதை எளிதில் அரிக்காது. சிலிகோன் வெப்பம் தாங்கும், ஆனால் நீராவியை அதிகம் ஊடுருவ விடும். எந்த ரப்பரும் வருடக்கணக்கில் அழுத்தப்பட்டுச் சூடேறினால் தன் உயரத்தை இழந்து தட்டையாகும். அதைக் காலம் பார்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வயர் பெட்டியின் அடிப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். அதுவும் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலேறினால், வயரில் வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். நுழையுமிடத்தில் வயரின் பருமனுக்குச் சரியான கிளாண்ட், அதாவது வயரைச் சுற்றி இறுகப் பிடிக்கும் அடைப்பு, போட வேண்டும். இரண்டு வயரை ஒரே கிளாண்டில் திணித்துவிட்டு, இடைவெளியை ஹார்ட்வேர் கடை சிலிகோனால் அடைப்பது பலரும் செய்யும் வேலை. காடி வாடை அடிக்கும் சிலிகோன் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும், செம்புக் கம்பி பச்சை பூத்துப்போகும். வாடையில்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டியை வார்க்கும் தொழிற்சாலைக்கும் இந்த ஈரம் ஒரு தொல்லை. ஜொகூரில் செனாய் வட்டாரத்தில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. பாலிகார்பனேட் மணிகளை 120 பாகையில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே உருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் நீர், உருகும் சூட்டில் சங்கிலிகளை அறுத்துவிடும். பெட்டி பளபளவென்று வந்தாலும் உள்ளே பலம் இருக்காது. சுவர் எங்கும் ஒரே பருமனில், 3 மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. உள் மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைத்துவிட வேண்டும், விரிசல் தொடங்குவது கூர்மூலையில்தான்.

வீட்டிலோ பள்ளி அறிவியல் மன்றத்திலோ முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பெட்டி செய்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எளிதாக அச்சாகும் பிஎல்ஏ இழை 60 பாகையிலேயே இளகிவிடும், காஹாங் வெயிலில் அது பெட்டியாக நிலைக்காது. ஏஎஸ்ஏ இழை இப்போது கிடைக்கிறது. அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் கசியும் என்பதால் அச்சிட்ட பெட்டிக்கு வெளிப்பூச்சும் கட்டாயம்.

எறும்பையும் மறக்கக்கூடாது. சூடும் இருட்டும் உள்ள மின்பெட்டி எறும்புக்குப் பிடித்த இடம். வடிகால் துளை வைத்தால் அதில் துருப்பிடிக்காத நுண்வலை வேண்டும். காட்டில் யானை தும்பிக்கையால் பிடுங்கிப் போடும் கேமராவுக்கு எந்தப் பிளாஸ்டிக்கும் போதாது, எஃகுக் கூடுதான்.

எதற்கு முதலில் செலவழிப்பது

குறைந்த பணத்தில் அதிகப் பயன் தருவது நிழல். பெட்டிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு தகடு வைத்தாலோ, சூரியத் தகட்டின் அடியிலேயே பெட்டியைப் பொருத்தினாலோ உள்ளே ஏறும் சூடு வெகுவாகக் குறையும். சூடு குறைந்தால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி மூன்றுக்கும் ஆயுள் கூடும், மாலை மழையில் பெட்டி உறிஞ்சும் வேகமும் குறையும். இரண்டாவது செலவு மூச்சுத் திருகு. மூன்றாவதாகத்தான் ஏபிஎஸ்ஸை விட்டு ஏஎஸ்ஏவுக்கோ புற ஊதாத் தடுப்பு உள்ள பாலிகார்பனேட்டுக்கோ மாறுவது. ஐபி65-ஐ விட்டு ஐபி67-க்குப் போவது, வெள்ளத்தில் மூழ்கும் இடத்தில் மட்டும் பணத்துக்குத் தகுந்த பயன் தரும். மற்ற இடங்களில் அந்தப் பணத்தை நிழலுக்குக் கொடுப்பதே லாபம்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். ஏற்கெனவே வெளியில் நிற்கும் பெட்டியை அக்டோபரில் ஒரு முறை திறந்து பாருங்கள். ரப்பர் வளையம் தட்டையாகிவிட்டதா, மூச்சுப் படலத்தில் அழுக்கு அடைத்திருக்கிறதா, வயர் கீழ்வளைவோடு தொங்குகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். உள்ளே அடியில் காய்ந்த நீர்க்கறை தெரிந்தால், ஓட்டையைத் தேடி அடைக்க சிலிகோன் குழாயை எடுக்காதீர்கள். அந்தப் பெட்டிக்கு மாலை நான்கு மணிக்கு மூச்சு எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.